கைவேலைக்கு முதலிடம் தரும் பள்ளி: கலிபோர்னிய அடல்ட் ஸ்கூல் ஒன்றின் மருத்துவப் பயிற்சிகள் பற்றிய மதிப்பீடு

கலிபோர்னியாவில் அரசுப் பள்ளி நிர்வாகங்கள் வயது வந்தோருக்காக நடத்தும் அடல்ட் ஸ்கூல்களைப் பற்றி நம்மவர்களிடையே இரண்டு எண்ணங்கள் உலவுகின்றன. அங்கே ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுப்பார்கள் என்பது ஒன்று. கட்டணம் குறைவாக இருப்பதால் தரமும் அப்படித்தான் இருக்கும் என்பது மற்றொன்று. 1856இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில், குடியேறியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் மாலை வகுப்பாகத் தொடங்கிய கல்விமுறை இது என்பதால், முதல் எண்ணத்துக்கு வரலாற்று நியாயம் உண்டு. இரண்டாவது எண்ணம் தவறு என்பது, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் உள்ள அத்தகைய பள்ளி ஒன்றில் செவிலியர் உதவியாளர் பயிற்சியை முடித்து, அதே வளாகத்தின் உடல்நல வகுப்புகள் சிலவற்றிலும் கலந்துகொண்ட பிறகு நான் வந்தடைந்த முடிவு. ஆனால் அந்தத் தரம் எல்லா வகுப்புகளிலும் ஒன்றுபோல் இல்லை. ஆசிரியரின் கண்முன்னே மாணவர் தம் கையால் எவ்வளவு செய்கிறார் என்பதைப் பொறுத்தே அது கூடுகிறது அல்லது குறைகிறது.

செவிலியர் உதவியாளர் பயிற்சிதான் இப்பள்ளியின் பெருமை. அமெரிக்க முதியோர் இல்லங்களின் நிலை பற்றிய புகார்கள் பெருகியதையடுத்து 1987இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், இப்பணியில் சேர்பவர்களுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. கலிபோர்னியா அத்துடன் நிற்காமல், வகுப்பறையில் 60 மணி நேரமும் நோயாளிகளுடன் 100 மணி நேரமும் என்று அளவை உயர்த்தியிருக்கிறது. பாடத்தைவிடக் கைவேலைக்கு அதிக நேரம் ஒதுக்கும் இந்தக் கணக்குதான் இப்பயிற்சியைக் காப்பாற்றுகிறது என்று நினைக்கிறேன். சுமாரான ஆசிரியர் அமைந்தாலும் அந்த 100 மணி நேரத்தை யாராலும் குறைக்க முடியாது.

வகுப்பறைப் பகுதியில் பள்ளி தன் பங்குக்குச் செய்திருக்கும் நல்ல காரியம், பாடங்களைப் பயிற்சிக்கூடத்துடன் பிணைத்திருப்பது. பக்கவாதம் பற்றிக் காலையில் படித்தால், அன்றே பயிற்சிக்கூடத்தில் சக மாணவர் ஒருவரைப் படுக்கவைத்து அவருக்கு ஆடை அணிவிக்க வேண்டும். அணிவிக்கும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும் என்பதும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும் என்பதும் புத்தகத்தில் ஒரே வரிதான். ஆனால் விறைப்பாகக் கிடக்கும் கையைச் சட்டைக்குள் கொண்டுபோக முயலும்போதுதான் அந்த வரியின் காரணம் விளங்குகிறது. ஆளைப் படுக்கையில் வைத்துக்கொண்டே விரிப்பை மாற்றுவது, இடுப்பில் பட்டை கட்டித் தூக்கி நாற்காலிக்கு மாற்றுவது, அதற்கு முன் சக்கரங்களைப் பூட்டுவது, சிறுநீரை அளந்து குறிப்பது, பல்செட் கழுவுவது ஆகிய ஒவ்வொன்றையும் ஆசிரியர் பார்த்துத் திருத்தும்வரை மாணவர் அடுத்ததற்குப் போக முடியாது. எங்கள் ஆசிரியை மருத்துவமனையில் நீண்டகாலம் பணியாற்றிய செவிலியர். படுக்கையைச் சுற்றியுள்ள திரையை இழுக்க மறந்தவர்களை அவர் மன்னித்ததே இல்லை.

நோயாளிகளுடனான பயிற்சி அருகிலுள்ள முதியோர் மருத்துவப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் நடக்கிறது. காலை ஷிஃப்டில் இல்லத்து ஊழியர்களோடு சேர்ந்தே வேலை தொடங்குகிறது. ஓர் ஆசிரியருக்கு 15 மாணவர்களுக்கு மேல் கூடாது என்ற வரம்பு உண்டு. அது இங்கே பின்பற்றப்படுகிறது. சாப்பாடு ஊட்டுவதில் இத்தனை நுட்பம் இருக்கும் என்று பிள்ளை வளர்த்தவர்கள்கூட நினைத்திருக்க மாட்டார்கள். முதியவரை நிமிர்த்தி உட்காரவைத்து, நாமும் அவர் கண்மட்டத்துக்கு உட்கார்ந்து, பக்கவாதம் வந்தவரானால் பலமுள்ள பக்கமாகக் கரண்டியைக் கொடுத்து, மறுபக்கக் கன்னத்தில் உணவு தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவில் முடியலாம். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பதும் அப்படித்தான். தவறினால் வால் எலும்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும்.

பயிற்சி முடிந்ததும் மாநிலச் சான்றிதழுக்கான தேர்வு இருக்கிறது. எழுத்துப் பகுதியை விரும்பினால் ஒலிப்பதிவில் கேட்டும் பதில் அளிக்கலாம். செய்முறைப் பகுதியில் கைகழுவுதலிலேயே தோற்பவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் தயக்கம் உள்ளவர்களுக்காக மொழி ஆசிரியரும் செவிலியரும் சேர்ந்து நடத்தும் துணை வகுப்பு ஒன்றை இப்பள்ளி வைத்திருக்கிறது. மொழியையும் தொழிலையும் இப்படி இணைத்துக் கற்பிக்கும் முறைக்கு 2014ஆம் ஆண்டின் கூட்டாட்சித் தொழிற்பயிற்சிச் சட்டத்தில் இடம் இருப்பதால், வேறு பள்ளிகளிலும் இதைக் கேட்டுப் பார்க்கலாம். சான்றிதழ் பெற்ற பின் இன்னும் 40 மணி நேரம் படித்தால் வீடுகளுக்குச் சென்று பராமரிக்கும் உதவியாளராகவும் தகுதி பெறலாம். வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான எச்4 விசாவில் இருப்பவர்கள் படிப்பதற்குத் தடையில்லை என்றாலும், ஊதியத்துக்கு வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேலைக்கு இடுப்பும் முழங்காலும் தேய உழைக்க வேண்டும். ஊதியமோ உழைப்புக்கு ஈடானதல்ல. பள்ளியின் அறிமுகக் கூட்டத்தில் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்லலாம். “இதற்கா அமெரிக்கா போனாய்?” என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கும் பதில் தயாராக இருக்க வேண்டும். செவிலியர் படிப்பில் சேரும் முன் அந்த வேலை தமக்கு ஒத்துவருமா என்று பார்க்க இதைவிட நேர்மையான வழி இல்லை என்பதே என் பதில்.

ரத்தம் எடுக்கும் பயிற்சியைப் பற்றி இவ்வளவு உற்சாகமாகச் சொல்ல முடியவில்லை. வகுப்பு நன்றாகவே நடக்கிறது. குழாய்களை எந்த வரிசையில் நிரப்ப வேண்டும், ஊதா மூடிக் குழாயில் உள்ள வேதிப்பொருள் அடுத்த குழாயில் கலந்தால் பொட்டாசியம் அளவு ஏன் பொய்யாக உயர்ந்து தெரியும் என்பதையெல்லாம் தெளிவாக விளக்குகிறார்கள். ஆனால் மாநில விதிப்படி புதிதாகச் சேர்பவர்கள் ஆய்வகத்திலோ மருத்துவமனையிலோ 40 மணி நேரம் இருந்து, சிரை எனப்படும் ரத்தக்குழாயில் 50 முறையும் விரல்நுனியில் 10 முறையும் குத்தி ரத்தம் எடுத்துக் காட்ட வேண்டும். அந்த இடத்தை ஏற்பாடு செய்து தருவதில் பள்ளி தடுமாறுகிறது. என்னுடன் பழகிய சிலர் வகுப்பை முடித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அதற்குள் கை பழக்கம் விட்டுப்போகிறது. சேருவதற்கு முன், முந்தைய குழுவில் எத்தனை பேருக்கு எவ்வளவு காலத்தில் இடம் கிடைத்தது என்று அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

பொதுமக்களுக்கான மாலை உடல்நல வகுப்புகளில் நாற்காலி யோகாவும் தாய்ச்சி என்னும் மெதுவான சீன உடற்பயிற்சியும் அதிகம் பேரை ஈர்க்கின்றன. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாக்களையும் அங்கே பார்க்கலாம். பொழுது இனிமையாகப் போகிறது, நாலு பேரிடம் பேச முடிகிறது, மாலை முழுவதும் தொலைக்காட்சி முன் உட்காரும் நிலை தவிர்கிறது. அவ்வளவுதான். பெரிய கூடத்தில் மேடைமீது நிற்கும் ஆசிரியர் ஒருவர், பின்வரிசையில் முழங்காலை உள்பக்கம் மடக்கி நிற்பவரை எப்படித் திருத்துவார்? மூட்டுவலிக்காகவே வருபவர்கள் முன்வரிசையைப் பிடித்துக்கொள்ளட்டும். பள்ளி இதை இரண்டு சிறு குழுக்களாகப் பிரிக்கட்டும்.

இதற்கு நேர்மாறாக, வெளியில் அதிகம் விளம்பரம் செய்யப்படாத நாள்பட்ட நோய் சுயபராமரிப்பு வகுப்பு எனக்கு வியப்பளித்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக்கும் அவரது குழுவினரும் உருவாக்கிய முறை இது: ஆறு வாரங்கள், வாரத்துக்கு ஒருமுறை இரண்டரை மணி நேரம். நடத்துபவர்கள் மருத்துவர்களாக இருக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோயோ மூட்டுவாதமோ தமக்கே உள்ள, பயிற்சி பெற்ற இருவர் நடத்தலாம். ஒவ்வொரு வாரமும் பங்கேற்பவர் அடுத்த வாரத்துக்கான செயல்திட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். “நடக்கப் போகிறேன்” என்று சொன்னால் ஏற்க மாட்டார்கள். என்ன செய்வீர்கள், எவ்வளவு, எந்த நேரத்தில், வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்பார்கள். பிறகு அதை முடிப்போம் என்ற நம்பிக்கைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்பார்கள். ஏழுக்குக் கீழே சொன்னால், திட்டத்தைச் சுருக்கச் சொல்வார்கள். இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம், வாரம் நான்கு நாள் என்று ஒருவர் இறங்கி வந்து, அடுத்த வாரம் அதைச் செய்ததாகச் சொல்லும்போது அறையில் எழும் மகிழ்ச்சி உண்மையானது. செய்யாதவரிடம் யாரும் கோபிப்பதில்லை. எது தடையாக இருந்தது என்று அறையிலுள்ள எல்லோரும் யோசனை சொல்கிறார்கள்.

செவிலியர் உதவியாளர் பயிற்சிக்கு இடங்கள் விரைவில் நிரம்புகின்றன. அறிமுகக் கூட்டத்துக்கு வராதவர்களைச் சேர்ப்பதில்லை. காசநோய்ப் பரிசோதனை, உடல்தகுதிச் சான்று, கைரேகைப் பதிவு ஆகியவற்றை முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள். சேர்க்கை அலுவலகத்தில் தொலைபேசியை எடுப்பதற்கு ஆள் கிடைப்பது அரிது என்பதால், நேரில் போவதே சுருக்கமான வழி.