பதினெட்டு பவுண்டு காற்று: மூன்று வருடமாக வண்டியில் இருக்கும் பம்பு

எங்கள் மஹிந்திரா தார் ஜீப்புக்கு இப்போது ஐந்து வயது. தண்டையார்பேட்டையிலிருந்து ஜெய்சல்மேர் வரை இரண்டு முறை ஓட்டிப் போய், மணல்மேட்டில் கூடாரம் போட்டுத் தூங்கி எழுந்து வந்திருக்கிறோம். போக மட்டும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பாலைவனம் போக முதலில் என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: டயருக்குக் காற்றடிக்க நல்ல 12 வோல்ட் பம்பு, கூடவே தனியாக ஒரு காற்றுமானி.

தார்ச் சாலையில் 32 பவுண்டு (psi) காற்றழுத்தம் வைத்து ஓட்டுகிற டயர், அதே காற்றோடு மணலில் இறங்கினால் அறுத்துக்கொண்டு கீழே போகும். 18-க்கு இறக்கினால் டயர் அமுங்கி நீளவாக்கில் பரவும். வண்டிப் பாரமும் அதோடு பரவி, மணலின் மேலேயே மிதந்து போகும். எண்ணூர்ப் பக்கம் குப்பங்களில் படகு இழுக்கிற டிராக்டரின் பின்சக்கரத்தைப் பாருங்கள், அடியில் தொப்பை விழுந்த மாதிரி இருக்கும். எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடை அண்ணனிடம் 18 என்று சொன்னபோது, "இன்னா தம்பி, பாதி காத்த வச்சிக்கினு எங்க போற? ரிம்மு பூடும்" என்று பதறினார். தார் ரோட்டுக்கு அவர் சொன்னது முழுக்கச் சரி. அதை நான் 2023 ஜனவரியில் கற்றுக்கொண்டேன்.

அந்த முதல் பயணத்தில் இருந்தது சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகுகிற சின்னப் பம்பு. ஒரு டயருக்கு ஏழு நிமிடம். மணலை விட்டு வெளியே வந்து மூன்றாவது டயருக்குப் போட்டதும் சாக்கெட் ஃபியூஸ் போய்விட்டது. இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு டயர் 18-லேயே நிற்க, முப்பது வேகத்தில் ஊர்ந்து போனோம். கொஞ்ச தூரத்தில் இறங்கித் தொட்டுப் பார்த்தால், டயரின் பக்கச்சுவர் டீ டம்ளர் மாதிரிக் கொதித்தது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்வதால் வரும் சூடு அது. வேகம் கூடியிருந்தால் வெடித்திருக்கும்.

ஊருக்கு வந்ததும் வாங்கியதுதான் இப்போதைய பம்பு. பேட்டரியிலேயே நேராகக் கிளிப் மாட்டுகிற ரகம். 18-லிருந்து 32-க்கு ஏற இரண்டரை நிமிடம் ஆகிறது. என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு டயர் முடிந்ததும் பத்து நிமிடம் ஓய்வு கொடுத்துவிடுவேன். குறையும் உண்டு. குழாய் முனையிலுள்ள பித்தளைத் திருகு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், துணி இல்லாமல் கழற்ற முடியாது. அதிலேயே இருக்கும் மானி இரண்டு பவுண்டு கூட்டிக் காட்டுகிறது, அதனால்தான் தனி மானி வேண்டும் என்கிறேன். அப்புறம், பம்பை மணல்மேல் வைத்து ஓட்டக் கூடாது; தூசியை உறிஞ்சிக்கொள்ளும். நான் கால்மிதி விரித்து வைக்கிறேன்.

2025 ஜனவரியில் இரண்டாம் முறை போனபோது ஒரு மேட்டின் உச்சியில் வண்டி வயிறு தட்டி நின்றது. மாமா பையன் ஆக்ஸிலேட்டரை மிதித்தான், பின்சக்கரம் அச்சு வரை புதைந்தது. கூட வந்த உள்ளூர் வழிகாட்டி என்ஜினை அணைக்கச் சொன்னார். சக்கரத்துக்குப் பின்னாலிருந்த மணலைக் கையாலேயே வாரித் தள்ளினோம். காற்றை 14-க்கு இறக்கி, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் எடுத்ததும் வண்டி வெளியே வந்துவிட்டது. பன்னிரண்டுக்குக் கீழே மட்டும் நான் போக மாட்டேன், திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். மேட்டில் குறுக்காகத் திருப்புவதும் ஆபத்து. நிறுத்த வேண்டுமானால் பிரேக் போடாமல் காலை எடுத்துவிடுங்கள். பிரேக் அடித்தால் முன்சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து, மறுபடி கிளம்பவே விடாது.

பாலைவனத் தேசியப் பூங்காவுக்குள் நாங்கள் வண்டி இறக்கவில்லை. அழிந்துகொண்டிருக்கும் கானமயில் என்ற பறவை மிச்சமிருக்கும் இடம் அது. ஒரு விவசாயியிடம் கேட்டு அவர் நிலத்தில் தங்கினோம். மணலில் கூடார முளைக்குச்சி நிற்காது. அரிசிச் சாக்கில் மணல் நிரப்பி முழங்கால் ஆழத்தில் புதைத்து, அதில் கூடாரக் கயிற்றைக் கட்டினோம். விடிய விடியக் காற்று அடித்தும் அசையவில்லை. நல்ல கம்பளி இல்லாமல் ஜனவரியில் போகாதீர்கள், அந்தக் குளிர் நம் உடம்பு அறியாதது. அடுப்புக்குச் சுள்ளி ஒடிக்கப் போனவனை வழிகாட்டி தடுத்தார். அது கேஜ்ரி, நம் வன்னி மரம்தான். 1730-இல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில் அந்த மரத்தை வெட்ட விடாமல் கட்டிப்பிடித்து 363 பிஷ்னோய் மக்கள் உயிர் விட்டிருக்கிறார்கள். கேட்டதும் கேஸ் அடுப்பையே எடுத்துக்கொண்டோம்.

பம்புக்குப் பாலைவனத்தைவிட நம் வடசென்னைக் காற்றுதான் எதிரி. கடல் உப்பில் பேட்டரிக் கிளிப் ஆறே மாதத்தில் பச்சை பூத்தது. இப்போது மாதம் ஒருமுறை துடைத்து வாசலின் தடவி, பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைக்கிறேன். போன மாதம் குழாயில் வெடிப்பு தெரிந்ததால் மாற்றிவிட்டேன். மோட்டார் முதல் நாள் மாதிரியே ஓடுகிறது. வரும் ஜனவரிக்கும் இதே பம்புதான் வருகிறது.