பம்பலப்பிட்டியில டியூப் ஆம்ப் சேர்விஸ்: நம்பிக் குடுக்கலாம்

கொழும்பில கிட்டார் ஆம்புக்கு (சத்தத்தைப் பெருப்பிக்கிற பெட்டி) டியூப், அதாவது கண்ணாடி வால்வ், மாத்த ஆர் இருக்கினம் எண்டு கனபேர் கேட்டபடியால எழுதுறன். காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கைக்குள்ள, வீட்டு முன்னறையில வச்சு ஒரு ஐயா செய்யிறார், போர்ட் ஒண்டும் இல்லை. வால்வ் ரேடியோ திருத்தின காலத்து ஆள். பேரைப் போடவேண்டாம் எண்டிட்டார், தேவையான ஆக்கள் இன்பொக்ஸ் பண்ணுங்கோ.

என்ர ஆம்ப் மார்ஷல், ஸ்பீக்கரை ஓட்டுற பவர் டியூப் ரெண்டும் ஈஎல்34 எண்ட வகை. முதல் வேற ஒரு இடத்தில குடுத்து புதுசு போட்டது, அவை செருகிப்போட்டு சத்தம் வருது கொண்டு போங்கோ எண்டு தந்து விட்டவை, பயஸ் (சும்மா நிக்கேக்க டியூப்புக்குள்ளால போற கரண்டின்ர அளவைச் சரிப்படுத்திறது) பாக்கவே இல்லை. கொஞ்ச நாளில ஒரு டியூப்புக்குள்ள இருக்கிற தகடு சிவப்பாப் பழுக்கத் தொடங்கிட்டுது. அப்பிடிப் பழுத்தா உடன ஓஃப் பண்ணவேணும், விட்டா டியூப்போட நிக்காது, ட்ரான்ஸ்போமரையும் சேத்துக் கொண்டு போயிடும்.

ஐயா ஆம்பைத் திறந்த உடன டியூப்பில கை வைக்கேல்லை. வயரைக் கழட்டி, உள்ளுக்கு இருக்கிற பெரிய கெப்பாசிட்டருக்கு ஒரு ரெசிஸ்டரைப் பிடிச்சு, மீட்டர்ல வோல்டேஜ் இறங்கி முடியுமட்டும் பாத்துக்கொண்டே இருந்தார். பிளக் கழட்டினாலும் 400 வோல்ட்டுக்கு மேல அதுக்குள்ள நிக்கும் தம்பி, ஆளை முடிச்சிடும் எண்டார். வீட்டில யூடியூப் பாத்துத் திறக்கிற பிள்ளையள் தயவுசெய்து இதை மறக்காதேங்கோ.

பிறகு சொக்கெட். கடல் காத்து வெள்ளவத்தை பம்பலப்பிட்டிப் பக்கம் ஒண்டையும் விடாது, பின் பிடிக்கிற இடமெல்லாம் பச்சை பிடிச்சுப் போய் இருந்தது. கொண்டாக்ட் கிளீனர் அடிச்சு, சின்ன ஊசியால ஒவ்வொரு பிடியையும் நெருக்கி விட்டார். பாதி கரகரப்பு அதோடயே போயிட்டுது, ஒரு சாமானும் மாத்தாமல்.

புது டியூப் ஜேஜே, ஸ்லோவாக்கியாவில செய்யிறது, ரெண்டும் ஒரே அளவாப் பொருந்திற சோடி. ஈஎல்34 ஒண்டு தாங்கக்கூடியது 25 வாட், சும்மா நிக்கேக்க அதில 70 வீதத்துக்கு மேல போகவிடுறேல்லையாம், அதாவது 17.5 வாட். என்ர ஆம்பில தகட்டில 450 வோல்ட் வந்தது, 17.5ஐ 450ஆல பிரிச்சா கிட்டத்தட்ட 39 மில்லிஅம்பியர். இந்தக் கணக்கை ஒரு துண்டில எழுதிக் காட்டிப்போட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார், பயஸை 36 மில்லிஅம்பியரில நிப்பாட்டினார், எங்கட கரண்ட் சிலநேரம் 230 வோல்ட்டை விடக் கூட வரும், இடம் விட்டு வைக்கோணும் எண்டு. கொஞ்ச நேரம் சூடாக விட்டுத் திரும்பவும் அளந்தார். எனக்கு இந்த மனுசனில நம்பிக்கை வந்தது இதில தான்.

கிட்டார்ச் சத்தத்தை முதல்ல பெருப்பிக்கிற சின்ன டியூப், பிரீஆம்ப் டியூப் 12ஏஎக்ஸ்7, எல்லாத்தையும் மாத்துவம் எண்டு நான்தான் கேட்டனான், அவர் விடேல்லை. ஆம்பை ஓன் பண்ணி, பென்சிலின்ர அழிறப்பர் பக்கத்தால ஒவ்வொண்டாத் தட்டினார், ஒண்டு மட்டும் ஸ்பீக்கருக்குள்ளால கிணிங் எண்டு மணி அடிச்சமாதிரிக் கத்திச்சுது, அதை மட்டும் மாத்தினது. மற்றதுகள் இன்னும் கனகாலம் ஓடுமாம். பிரீஆம்ப் டியூப்புக்கு பயஸ் பாக்கத் தேவையில்லை, ஆம்பை ஓஃப் பண்ணி ஆறவிட்டு நாங்களே மாத்தலாம் எண்டும் சொல்லித் தந்தார். சும்மா இருந்தா அந்த டியூப் எல்லாத்தையும் என்ர தலையில கட்டியிருக்கலாம், செய்யேல்லை.

சத்தம்? கிளீன் சத்தத்தில பேஸ் நல்லா இறுகி வருது, வொலியூமைக் கூட்டேக்க முந்தி வந்த அந்தச் சப்பைத்தனம் இல்லை, கோர்ட் அடிச்சா ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாக் கேக்குது. கோயில் மண்டப நிகழ்ச்சியில முழுக்க வாசிச்சனான், ஒரு இரைச்சல் இல்லை.

குறை எண்டா நேரம். ஒருத்தரே எல்லாம் செய்யிறதால அவசரம் எண்டு போய் நிண்டா சரிவராது, ஷோவுக்கு முதல்நாள் தூக்கிக்கொண்டு போகாதேங்கோ. டியூப்பும் அவரிட்ட எப்பவும் இராது, சொல்லி எடுப்பிக்கவேணும், விலை டொலரோட ஏறி இறங்கும். கூலி நியாயம். வாகனம் விட ஒழுங்கைக்குள்ள இடமில்லை, த்ரீவீல் தான் வசதி.

போகேக்க ஸ்பீக்கரையும் அதின்ர கேபிளையும் சேத்துக் கொண்டு போங்கோ, ஸ்பீக்கர் கொழுவாமல் அவர் ஆம்பை ஓன் பண்ணவே மாட்டார். கழட்டின டியூப்புகளையும் கேட்டு வாங்குங்கோ, எது நல்லது எது போனது எண்டு பிரிச்சு எழுதித் தருவார்.