பேறுகால விடுப்பு: எத்தனை மாதம், யார் பணம்?

என் தங்கை வேலை பார்த்த அலுவலகத்தில் முப்பது பேர். அவளும் பக்கத்து மேசைப் பெண்ணும் ஒரே ஆண்டில் கருவுற்றார்கள். அந்தப் பெண்ணுக்கு மாதம் 18,000 ரூபாய் சம்பளம். விடுப்பு விண்ணப்பத்தை நீட்டியதும் முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டார். தங்கைக்கு 24,000. அதே முதலாளி இவள் விண்ணப்பத்தைப் பார்த்ததும் கால்குலேட்டரைத் தட்டினார். காலண்டர் தாளின் பின்புறம் 1,44,000 என்று எழுதி அவள் பக்கம் திருப்பி வைத்தார். "இவ்வளவுக்கு நான் எங்கே போவேன், நீயே சொல்லும்மா" என்றார். அடுத்த மாதமே, தானாக விலகுவதாக அவளிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

சட்டப்படி இருவருக்கும் 26 வாரம்தான். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வருகிறார். நிறுவனம் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் மாதாமாதம் கட்டுகிறார்கள். 18,000 சம்பளத்துக்கு அது 585 ரூபாயும் 135 ரூபாயும். பிள்ளை பிறக்கும்போது விடுப்புக் காலப் பணம் அந்தப் பொது நிதியிலிருந்து வருகிறது. வரம்பைத் தாண்டியவர் நிலை வேறு. 2017-இல் மத்திய அரசு 12 வாரத்தை 26 ஆக உயர்த்தியபோது, கூடுதல் பாரம் முழுவதும் முதலாளி தலையில் விழுந்தது. பெரிய நிறுவனம் தாங்கும். முப்பது பேர் வேலை செய்யும் இடம் அடுத்த முறை ஆள் எடுக்கும்போது, "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று கேட்கிறது. சட்டம் தந்ததை அந்த ஒரு கேள்வி பறித்துவிடுகிறது.

தமிழக அரசு ஊழியர்களுக்கு 2011-இல் ஆறு மாதம், 2016-இல் ஒன்பது, 2021 ஜூலை முதல் முழுச் சம்பளத்துடன் பன்னிரண்டு. தாய்ப்பாலும் தூக்கமும் ஓர் ஒழுங்குக்கு வர ஓராண்டாவது வேண்டும் என்பதைப் பெற்றவர்கள் அறிவார்கள். நான் இதை முழு மனதோடு வரவேற்கிறேன். இங்கே சம்பளம் தருவது கருவூலம். இதே பன்னிரண்டு மாதத்தைத் தனியார் நிறுவனங்களுக்கும் அப்படியே விதிக்கக் கோருபவர்களோடு மட்டும் நான் உடன்படவில்லை. காலண்டர் தாளில் எழுதப்படும் தொகை இரட்டிப்பாகும், அவ்வளவுதான். முதலில் இ.எஸ்.ஐ. வரம்பை உயர்த்துங்கள், அல்லது பேறுகாலத்துக்கென்றே ஒரு பொது நிதி அமையுங்கள். மாதங்களைப் பிறகு கூட்டலாம். விடுப்புக் காலப் பணத்தைத் தனி முதலாளி மீது சுமத்தாமல் காப்பீடு அல்லது பொது நிதி வழியே தர வேண்டும் என்றுதான் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் சொல்கிறது.

பத்துப் பேருக்கும் குறைவான கடைகளிலும் வீட்டு வேலையிலும் இருப்பவர்களுக்கு இவை எதுவும் எட்டுவதில்லை. ஏழைத் தாய்மார்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் உண்டு. பக்கத்து மேசைப் பெண்ணின் ஒரு மாதச் சம்பளம் அது.

தந்தையர் பக்கம் இன்னும் வெறுமை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் இருக்கிறது. தனியார் துறை ஆணுக்கு எந்தச் சட்டமும் ஒரு நாள்கூடத் தரவில்லை. தங்கை கணவர் மூன்று நாள் தற்செயல் விடுப்பு எடுத்தார். நான்காம் நாள் காலை, தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவளே எழுந்து அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள்.