மாடல் படகுக்கு ஐஏ6-ஆ, ஐஏ6பி-யா?

இரண்டுமே ஃப்ளைஸ்கை நிறுவனத்தின் மலிவு ரிசீவர்கள்தான், அதாவது கையிலுள்ள ரிமோட்டின் (டிரான்ஸ்மிட்டரின்) சிக்னலைப் படகில் வாங்கும் கருவிகள். 2.4 கிகாஹெர்ட்ஸ், 6 சேனல் (தனித்தனியே இயக்கக்கூடிய கட்டுப்பாடுகள்), இரட்டை ஆன்டெனா, 4.0 முதல் 6.5 வோல்ட் வரை மின்சாரம். சுக்கானைத் திருப்ப ஒரு சர்வோ (சிறு மோட்டார்), ஓட்டும் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு ஈஎஸ்சி என்று ஓடும் படகுக்கு ஐஏ6-இல் இருக்கும் சேனல்களே மிச்சம்தான்.

ஆனாலும் என் கை ஐஏ6பி பக்கமே போகிறது. அதில் சென்சார் போர்ட் இருக்கிறது. வோல்டேஜ் சென்சாரை இணைத்தால் படகின் பேட்டரி அளவைக் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரிலேயே பார்க்கலாம். குளத்தின் நடுவில் பேட்டரி தீர்ந்தால் நீந்திப் போய்த்தான் மீட்க வேண்டும். அந்த எச்சரிக்கை ஒன்றுக்காகவே கூடுதல் விலை தகும். சிறிய, எடை குறைந்த படகு என்றால் ஐஏ6 போதும். அது மெலிந்தது, ஒடுங்கிய ஹல்லிலும் (படகின் உடற்கூட்டிலும்) அடங்கும்.

எதை வாங்கினாலும் ஆன்டெனா முனைகள் நீர்மட்டத்துக்கு மேலே, ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். ஃபெயில்சேஃபில், அதாவது சிக்னல் அறுந்தால் ரிசீவர் தானாகச் செய்ய வேண்டியதைக் குறிக்கும் அமைப்பில், த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) பூஜ்யத்தில் வையுங்கள். சிக்னல் அறுந்த படகு முழு வேகத்தில் கரையில் நிற்கும் குழந்தைகளை நோக்கிப் பாயக் கூடாது.