ஆடிட் வினாத்தாள்: பெக்கை அளந்து பார்த்துவிட்டு நிரப்புங்கள்

குடி எந்த அளவுக்குக் கைமீறிப் போயிருக்கிறது என்று பார்க்க உலக சுகாதார நிறுவனம் தந்த பத்துக் கேள்வித் தாள்தான் ‘ஆடிட்’. ஆறு நாடுகளில் சோதித்து, 1989-ல் வெளியிட்டார்கள். இலவசம், ஐந்து நிமிடம்கூட ஆகாது. தன் குடியைப் பற்றி முதல்முறையாக யோசிக்கிறவருக்கு இது நல்ல தொடக்கம் என்று தயங்காமல் சொல்வோம். ஆனால் நிரப்புகிற விதத்தில்தான் எல்லாமே இருக்கிறது.

பலரும் சறுக்குவது இரண்டாம் கேள்வியில்: குடிக்கும் நாளில் எத்தனை டிரிங்க்? இங்கே ஒரு டிரிங்க் என்றால் 10 கிராம் சுத்த ஆல்கஹால். கிளாஸ் கணக்கு அல்ல. மில்லியை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, மீண்டும் 0.00789-ஆல் பெருக்கினால் கிராம் வந்துவிடும். 5% பீர் 330 மில்லியில் 13 கிராம். 40% விஸ்கி 60 மில்லியில் 19. வீட்டில் கைபோன போக்கில் ஊற்றும் பெக் 90 மில்லியைச் சுலபமாகத் தொட்டுவிடும். தினமும் அப்படி மூன்று குடிப்பவர் ‘மூன்று’ என்று குறித்தால், முதல் மூன்று கேள்விகளுக்கும் சேர்த்து 5 மதிப்பெண்தான். உண்மையில் அது எட்டரை டிரிங்க். ஒரே வேளையில் ஆறு அல்லது அதற்கு மேல் குடிப்பதுண்டா என்ற மூன்றாம் கேள்விக்கும் ‘தினமும்’ என்றே பதில் வரும், கூட்டினால் 11.

மொத்தம் 40-க்கு 8 முதல் 15 என்றால் குறைக்க வேண்டிய கட்டம். 16 முதல் 19 என்றால் ஆலோசனையும் தொடர் கண்காணிப்பும். 20-ஐத் தொட்டால் மருத்துவரின் முழுப் பரிசோதனை. பெண்களுக்கும் 65 வயது தாண்டியவர்களுக்கும் 7-லிருந்தே கவனம் தேவை. பக்கத்தில் யாரும் இல்லாதபோது நிரப்புவது நல்லது. ஆள் இருந்தால் பதில் குறைந்துவிடும்.

இந்தத் தாளில் நாங்கள் காணும் பெரிய குறை இதுதான்: குடியை நிறுத்தினால் கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா, முன்பு வலிப்பு வந்ததுண்டா என்று இது கேட்பதே இல்லை. அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது ஆறாம் கேள்வி மட்டும்: காலையில் எழுந்ததும் நிலைக்கு வர ஒரு வாய் தேவைப்பட்டதா? அதற்கு ‘வாரந்தோறும்’, ‘தினமும்’ என்று பதில் வந்தால், மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் தனியாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் ஆள் அடையாளம் தெரியாத குழப்பமும் இல்லாதது தெரிவதும் தொடங்கலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவக் கண்காணிப்பில் மாத்திரையோடும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியோடும் நிறுத்துவதே பாதுகாப்பு.

மருந்துகளைப் பற்றியும் தாளில் ஒரு வரி இல்லை. நால்ட்ரெக்சோன், அக்காம்ப்ரோசேட் இரண்டும் குடிக்காமல் தாக்குப்பிடிக்க உதவுபவை. ஓபியாய்டு வலிநிவாரணி (மார்ஃபின் போன்றவை) எடுப்பவருக்கு முதலாவது ஆகாது. சிறுநீரகம் மிகவும் பழுதானவருக்கு இரண்டாவது ஆகாது. குடித்தால் உடல் ஒத்துக்கொள்ளாதபடி செய்யும் டைசல்ஃபிராம் மருந்தை, குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கவே கூடாது: மேலே மது போனால் இரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுந்துவிடலாம். நிரப்பிய தாளோடு, எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலையும் கடைசியாகக் குடித்த நேரத்தையும் எழுதி எடுத்துப் போங்கள்.