ரெயின்போ அருவி: ஒரே நாளில் திரும்புவதா, நோங்ரியாட்டில் தங்குவதா?

மேகாலயாவில் ரெயின்போ அருவிக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. காலையில் இறங்கி மாலைக்குள் ஏறிவிடலாம். இல்லையென்றால் பள்ளத்தாக்கில் இருக்கும் நோங்ரியாட் கிராமத்தில் ஓர் இரவு தங்கலாம்.

பாதை இரண்டுக்கும் ஒன்றுதான். சிரபுஞ்சியிலிருந்து டிர்னா ஊர் வரைக்கும்தான் வண்டி. அதற்கப்புறம் படிகள், 3,000-க்கும் மேல். பழனிமலைப் படிகள் 693 என்பார்கள். அதைப்போல் நாலு மடங்குக்கும் அதிகம். பழனியில் தெம்பாக இருக்கும்போது ஏறுகிறோம், களைத்தபின் இறங்குகிறோம். இங்கே இறக்கம் முதலில் வந்துவிடும். முழங்கால் விட்டுப்போன பிறகுதான் ஏற்றம் காத்திருக்கும். இடையில் ஆடும் கம்பிப் பாலங்கள், பிறகு உயிருள்ள மரவேர்களையே பின்னி வளர்த்த நோங்ரியாட்டின் இரண்டடுக்கு வேர்ப்பாலம். பெரும்பாலானோர் அதோடு திரும்பிவிடுகிறார்கள். அருவிக்கு அதற்கப்பால் இன்னும் ஒன்று, ஒன்றரை மணி நேரம் வேர்களையும் வழுக்குப் பாறைகளையும் தாண்டிப் போக வேண்டும்.

ஒரே நாள் திட்டத்தில் சுமை இல்லை, அறையை மாற்ற வேண்டியதில்லை, லீவும் மிச்சம். ஆனால் நம் ஊர்க் கணக்கில் பொழுதைக் கணக்கிடக் கூடாது. நவம்பரில் அங்கே மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். காலை 7 மணிக்கு டிர்னாவில் படி இறங்கினால் 9-க்கு நோங்ரியாட், பத்தரைக்கு அருவி. ஒரு மணி நேரம் அங்கே இருந்துவிட்டு, 1 மணிக்கு நோங்ரியாட் திரும்பி, சாப்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கினால் நாலு மணிவாக்கில் மேலே வரலாம். ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டாலே இந்தக் கணக்கு உடைந்துவிடும். ஷில்லாங்கிலிருந்து அன்று காலை கிளம்பிப் போகிறவர்களுக்கு இது சரிவரவே வராது. டிர்னா போய்ச் சேரவே பத்து மணி ஆகிவிடும்.

தங்கினால் அவசரம் என்பதே இல்லை. முதல் நாள் மெதுவாக இறங்கி, பாலத்தடி ஓடையில் காலை நனைத்து உட்காரலாம். மறுநாள் ஓய்ந்த காலோடு அருவி. சாரலில் வானவில் தெரிய வெயில் வேண்டும். அந்த வெயிலுக்காகக் காத்திருக்க ஒருநாள் பயணிக்கு நேரம் கிடையாது. வீடுகளில் அறை தருகிறார்கள். சோறு, பருப்பு, முட்டை, நூடுல்ஸ் கிடைக்கும். வசதி அவ்வளவுதான். அரிசி மூட்டை முதல் தண்ணீர் பாட்டில் வரை எல்லாமே ஆள் சுமந்து வருவது: முதுகில் கூம்புக் கூடை, அதன் பட்டை நெற்றியில். அதே படிகளில் அப்படி ஒருவர் நம்மைக் கடந்து போவதைப் பார்த்தபின் விலையில் பேரம் பேச வாய் வராது. ஏடிஎம் இல்லை, ரொக்கம் அவசியம்.

என் வாக்கு தங்குவதற்குத்தான். பெரிய பையைச் சிரபுஞ்சியிலேயே வைத்துவிட்டு, ஒரு மாற்றுடையும் டார்ச்சும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் முந்தின இரவே சிரபுஞ்சியில் தங்கிவிடுங்கள். காலை 11-க்குள் அருவியை எட்ட முடியாது என்று தெரிந்தால் வேர்ப்பாலத்தோடு திரும்பிவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான அடைமழையில் இரண்டுமே வேண்டாம். பாசி பிடித்த அந்தப் படிகளில் இறங்குவது ஆபத்து. தண்ணீரும் குறையாமல் பாதையும் காய்ந்திருப்பது அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும்தான்.