மண் வரைபடம்: கட்டமா, சரிவா?

எங்கே எந்த மண் என்று வரைபடம் போட, மண்ணைத் தோண்டிப் பார்க்கும் குழிகளைச் சம தூரக் கட்டமாகவும் போடலாம், சரிவை ஒட்டியும் போடலாம். மேலூர்ப் பக்கத்து மேடுபள்ளச் செம்மண்ணுக்குச் சரிவைப் பார்த்துக் குழி போடுவதே மேல். மேட்டில் பல இடங்களில் ஒரு முழத்துக்குள் சரளை தட்டும், இறக்கத்தில் ஆழம் கூடும், பள்ளத்தில் களி. மேட்டிலிருந்து பள்ளம்வரை ஒரே கோட்டில் நாலைந்து குழி போட்டால் மண் மாறும் எல்லை பிடிபட்டுவிடும். 100 மீட்டர் கட்டம் என்றால் ஹெக்டேருக்கு ஒரு குழி. அப்படியும் குறுகலான ஓடைக்கரை இரண்டு புள்ளிக்கு நடுவே நழுவிவிடும்.

திருமங்கலம் கரிசலில் கதை வேறு. தரை சமதளம், மேலே எங்கும் ஒரே கறுப்பு. வேறுபாடெல்லாம் ஆழத்திலும் சுண்ணாம்பிலும்தான். அங்கே கட்டம் போடுங்கள். அடிமண்ணில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டி, சுண்ணாம்பால் எழும் நுரைப்பு எவ்வளவு என்று குறியுங்கள். கண்மாய் வண்டல் அடித்த வயலுக்கும் கட்டமே. மேல்மண் வந்தேறி என்பதால் சரிவை நம்ப முடியாது.

1:50,000 வரைபடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது 25 ஹெக்டேர். அதற்கு 100 மீட்டர் கட்டம் வீண்செலவு.